ஏதுவோடு வாசித்தல்: மலையகப் பாடசாலைகளில் கிரகித்தலும் இலக்கிய நயத்தலும்

1. வாதம்

ஒரு பத்தியைக் கொடுத்து, அதன் கீழே ஐந்து வினாக்களை அடுக்கி, மாணவர் ஐந்துக்கும் விடை எழுதிவிட்டால் அப்பத்தியை அவர் விளங்கிக்கொண்டார் என்று முடிவு செய்வது நம் பாடசாலைகளில் நெடுங்காலமாக நிலைபெற்ற வழக்கம். இதற்குக் 'கிரகித்தல்' என்று பெயர். கிரகித்தல் என்பது பற்றிக்கொள்ளுதல் என்னும் பொருளுடைய சொல். ஆனால் வினாவில் வந்த சொல் பத்தியின் எவ்வரியில் நிற்கிறதென்று கண்டு, அவ்வரியைப் பெயர்த்தெழுதும் கைப்பழக்கத்தையே நாம் பெரும்பாலும் பயிற்றிவருகிறோமாதலால், மாணவர் பற்றிக்கொள்வது வரியையே ஒழியப் பொருளை அன்று.

இக்குறை நாடெங்கும் உள்ளதே எனினும், நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை, மஸ்கெலியா முதலிய ஊர்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலிருந்து பாடசாலைக்கு வரும் பிள்ளைகளிடத்தில் அது விளைவிக்கும் நட்டம் பெரிது. ஏனெனில், அப்பிள்ளைகளுக்கு விளங்குந்திறனே குறைவு என்றொரு அபிப்பிராயம் நெடுநாளாக உலவிவருகிறது. பயிற்சியின் குறை பிள்ளையின் குறையாக எண்ணப்பட்டுவிடுகிறது. அந்த அபிப்பிராயம் தவறானது என்பதும், அப்பிள்ளைகள் நாடோறும் செய்துவரும் அநுமானங்கள் நுட்பமானவை என்பதும், அவர்களுக்குப் பாடசாலை கொடுக்கவேண்டியது தாம் கண்ட பொருளுக்கு 'இதனால் இது' என்று ஏதுக் காட்டும் பழக்கமே என்பதும், அப்பழக்கத்தை ஊட்டும் முறை நம்முடைய அளவை நூல்களிலும் உரைமரபிலும் ஆயத்தமாக இருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

2. உருபு காட்டும் வழி

வழக்கத்திலுள்ள பயிற்சியின் குறையை முதலில் பிரத்தியட்சமாகக் காட்டவேண்டும். பின்வரும் வாக்கியத்தை இதற்கெனவே புனைந்தேன். இதிலுள்ள பெயருக்கும் வினைக்கும் தமிழில் எப்பொருளும் கிடையாது. 'தமுளன் கெளிந்த வறுசியை நொட்டிலுக்குள் பிழுவினான்.' வறுசியைப் பிழுவியவன் யார் என்று கேட்டால், நான்காம் வகுப்புப் பிள்ளையும் 'தமுளன்' என்று சொல்லிவிடும். எத்தகைய வறுசி? கெளிந்த வறுசி. அதை எதற்குள் பிழுவினான்? நொட்டிலுக்குள். மூன்று வினாவுக்கும் முழுப்புள்ளி கிடைத்துவிட்டது, விளங்கியது ஒன்றுமில்லை.

இது எவ்வாறு நிகழ்கிறது? தமிழின் வேற்றுமை உருபுகள் அத்துணைத் தெளிவானவையாதலால், வினாவிலுள்ள 'எதை' என்பது ஐயுருபு ஏற்ற சொல்லையும், 'எதற்குள்' என்பது தன்னைப்போலவே முடியும் சொல்லையும், 'யார்' என்பது எழுவாயையும் தாமாகவே போய்ப் பற்றிக்கொள்கின்றன. பொருள் தெரியாதவரும் உருபைப் பிடித்துக்கொண்டு விடைக்குப் போய்ச் சேரலாம். நம் மொழியின் சிறப்பே சோம்பலான வினாவுக்குத் துணையாகிவிடுகிறது. பத்தியைப் படிக்குமுன் வினாவைப் படி, வினாவிலுள்ள சொல்லைப் பத்தியில் தேடு, தேடிய வரியை எழுது என்று ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பழக்கப்பட்ட பிள்ளை, அந்த உபாயத்தையே க.பொ.த. சாதாரண தரம் வரைக்கும் கொண்டுசெல்கிறது.

இலக்கிய நயத்தலுக்கு வரும்போது இதே நோய் வேறு வடிவம் எடுக்கிறது. 'இப்பாடலில் உவமையணி சிறப்பாக அமைந்துள்ளது. ஓசைநயம் உள்ளத்தைக் கவர்கிறது. கவிஞர் சமூக அவலத்தைப் படம்பிடித்துக் காட்டுகிறார்' என்னும் மூன்று வாக்கியங்களையும் குறிப்புப் புத்தகத்திலிருந்து மனனஞ் செய்த மாணவர், அவற்றை எந்தப் பாடலின் கீழும் எழுதிவிடலாம். எந்தப் பாடலுக்கும் பொருந்துகிற நயம் எந்தப் பாடலின் நயமும் ஆகாது. முன்னதில் சான்று இருக்கிறது, விளக்கம் இல்லை. பின்னதில் விளக்கம் போன்ற ஒன்று இருக்கிறது, சான்று இல்லை. இரண்டையும் பிணைக்கும் கயிறு அறுந்து கிடக்கிறது என்பதே உண்மையான பிரச்சினை.

3. பிள்ளை கொண்டுவரும் முதல்

தோட்டத்துப் பிள்ளை பாடசாலைக்கு வெறுங்கையோடு வருவதில்லை. மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கும் தோட்டங்களில், மதன் எரிக்கப்படுவான் என்பது கூட்டத்தில் அமர்ந்திருக்கும் சிறு பிள்ளைக்கும் தெரியும். தெரிந்திருந்தும், சிவனுடைய தவத்தைக் கலைக்கப் புறப்படும் மதனைப் போகவேண்டாமென்று ரதி தடுக்கும் கட்டம் வரும்போது அப்பிள்ளையின் முகம் மாறுகிறது. முடிவு தெரிந்த கதையில் மனம் எதற்காக நடுங்குகிறது என்பது இலக்கிய விமரிசனத்தின் மூலாதாரமான வினாக்களுள் ஒன்று. அவ்வினாவுக்குரிய அநுபவம் அப்பிள்ளைக்கு ஏற்கெனவே வாய்த்திருக்கிறது. அதை வினாவாக்கித் தருவாரைத்தான் காணோம். பேசுவது ரதி, கேட்பது மதன், அவர்கள் இருவருக்கும் தெரியாததை அறிந்திருப்பது கூட்டம் என்னும் மூவகை நிலையை அப்பிள்ளை கூத்துக்களத்தில் தடுமாற்றமின்றிப் பின்தொடர்கிறது. அதே பிள்ளை, வகுப்பறையில் 'இக்கூற்று யாருடையது?' என்று கேட்டால் விழிக்கிறது என்றால், குறை கேட்கும் முறையிலே உள்ளது.

சொல்லின் விஷயத்திலும் இவ்வாறே. தோட்டத்தில் 'மலை' என்பது வேலை நடக்கும் தேயிலைப் பகுதி. இன்று எந்த மலையில் வேலை என்று கேட்டால் ஏழாம் நம்பர் மலை என்று விடை வரும். 'பேர்' என்பது ஒரு நாள் வேலைக்குரிய பதிவு; குறித்த அளவு கொழுந்து எடுக்காதவளுக்கு 'அரைப்பேர்'. 'நிரை' என்பது ஒருத்திக்குப் பிரித்துவிடப்பட்ட தேயிலை வரிசை. வெட்சித் திணையைப் படிக்கும்போதோ அது கவரப்படும் ஆநிரை. 'கான்' என்பது மழைநீர் வடிய வெட்டிய வாய்க்கால். செய்யுளிலோ அது காடு. வீட்டில் ஒரு பொருளிலும் புத்தகத்தில் வேறொரு பொருளிலும் ஒரே சொல்லைச் சந்திக்கும் பிள்ளை குழம்புகிறது என்பது மெய். ஆனால் ஒரு சொல்லுக்கு இரண்டு வாழ்வு உண்டு என்பதைத் தன் நாவிலேயே உணர்ந்த பிள்ளைக்கு இலக்கியக் கல்வியின் முதற்பாடம் முடிந்துவிட்டது என்று கொள்ளும் ஆசிரியர், அக்குழப்பத்தைத் திருத்த வேண்டிய பிழையாகக் கருதாமல் முதலீடாகக் கருதுவார்.

இம்முதலீட்டைப் பாடசாலை பயன்படுத்தாததற்குச் சரித்திரக் காரணம் உண்டு. தோட்டத்து எசமானர்கள் தம் தொழிலாளரின் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி கொடுக்க வகைசெய்ய வேண்டும் என்று 1907ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் விதித்தது. எனினும் அக்கல்வி எழுத்து, வாசிப்பு, கணக்கு என்னும் எல்லையைத் தாண்டவில்லை. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபின்னும் தோட்டப் பாடசாலைகள் அதன் பயனைப் பெரிதும் பெறாமலே இருந்தன. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையானதை அடுத்தே அவை படிப்படியாக அரசின் கல்விப் பொறுப்பில் வந்து சேர்ந்தன. கையொப்பமிடும் அளவுக்குக் கற்பித்தால் போதும் என்று எண்ணிய காலத்தின் நிழல், வரியைப் பெயர்த்தெழுதினால் போதும் என்று எண்ணும் பயிற்சியில் இன்றும் விழுந்துகிடக்கிறது.

4. காண்டல், கருதல், உரை

கிரகித்தலை வகைப்படுத்துவதற்குப் பிறநாட்டுக் கல்வியாளர்கள் பல பெயர்களை அமைத்திருக்கிறார்கள். வெளிப்படையாகச் சொல்லப்பட்டதை எடுத்தல், சொல்லாததை ஊகித்தல், பகுதிகளை இணைத்துப் பொருள் காணல், மதிப்பிடல் என்பது அவற்றின் சாரம். இவற்றை நம் மாணவருக்குப் புதிய கலைச்சொற்களாகப் புகட்டுவதினும், தமிழ்ச் சித்தாந்த மரபில் வேரூன்றிய ஒரு பாகுபாட்டிலிருந்து தொடங்குவது நலம். சிவஞானசித்தியார் அளவைகளைக் காண்டல், கருதல், உரை என்று மூன்றில் அடக்குகிறது. காண்டல் பிரத்தியட்சம், கருதல் அநுமானம், உரை ஆப்தவாக்கியம், அதாவது நம்பத்தக்கோர் வாய்மொழி.

வாசிப்புக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், பத்தியில் கண்ணுக்குத் தெரியும் எழுத்திலே நிற்பது காண்டல். நின்றவற்றைக் கொண்டு நில்லாததை அறிவது கருதல். பத்திக்கு வெளியிலிருந்து, அநுபவத்தாலோ பிற நூலாலோ பெரியோர் சொல்லாலோ நாம் கொண்டுவரும் அறிவு உரை. இம்மூன்றையும் பிரித்தறிவதே வாசிப்பின் ஒழுக்கம். தேர்ந்த வாசகர் மூன்றையும் பயன்படுத்துகிறார். ஆனால் எது எதுவென்று அவருக்குத் தெரியும்.

புகையைக் கண்டு நெருப்பை அறிதல் அநுமானத்துக்கு வழக்கமாகக் காட்டப்படும் உதாரணம். லயத்துக் கூரையின்மேல் விடியற்காலையில் புகை எழும்புவதைக் கண்டு, அந்தக் காம்பராவில் இன்று பிரட்டு என்னும் காலை ஆட்கணக்குக்குப் போகிறவர்கள் எழுந்துவிட்டார்கள் என்று அறியும் பிள்ளைக்கு அநுமானம் புதிதன்று. புதிதாக அது பழகவேண்டியது ஏதுவைச் சொல்லுதல். நெருப்பு இருக்கிறது என்பது துணிவு. புகை இருப்பதால் என்பது ஏது. ஏதுவின்றிச் சொன்ன துணிவு உண்மையாயிருப்பினும் அளவை நூலார் அதை அறிவாக ஒப்புக்கொள்ளார். அவ்வொழுங்கை வினாத்தாளுக்குக் கொண்டுவருவதே இங்கு வேண்டப்படுவது.

5. ஒரு பத்தி

பொதுப்படப் பேசுவதை நிறுத்தி ஒரு பத்தியைக் கையிலெடுத்துப் பார்ப்போம். எட்டாம் ஒன்பதாம் வகுப்பினரை மனத்திற்கொண்டு இக்கட்டுரைக்கென எழுதியது இது.

'மாலை நிறுவை. மாரியாயி தன் கூடையைத் தராசில் மாட்டினாள். கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்து, "தண்ணிக்கு ரெண்டு கிலோ போச்சு" என்றபடி துண்டில் எழுதினார். மாரியாயி அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள். பிறகு தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, அவருடைய மேசை ஓரத்தில் வைத்து, மெதுவாக மடித்தாள். துணியிலிருந்து தூசு மேசையில் உதிர்ந்தது. "வாரேங்க ஐயா" என்று சொல்லிவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.'

வழக்கமான வினாத்தாள் இதற்கு எவ்வாறு வினா அமைக்கும்? எத்தனை கிலோ கழிக்கப்பட்டது? மாரியாயி எதை அவிழ்த்தாள்? யாருடைய கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்? மூன்றும் காண்டல், மூன்றும் உருபைப் பிடித்து விடை காணத்தக்கவை. பத்தியின் உயிர் அவற்றில் ஒன்றிலும் அகப்படவில்லை.

இனி வேறு வினா கேட்போம். அன்று மழை பெய்ததா? பத்தியில் மழை என்ற சொல்லும் இல்லை, வெயில் என்ற சொல்லும் இல்லை; ஆதலால் தேடிப் பெயர்த்தெழுத வழியில்லை. 'தண்ணிக்கு' என்ற சொல்லை மட்டும் பற்றிக்கொண்டவர் மழை பெய்தது என்பார். மழைநாளில் ஈரக் கொழுந்துக்கு எடை கழிப்பதை அறிந்த தோட்டத்துப் பிள்ளையும் முதலில் அவ்வாறு சொல்லக்கூடும். ஆசிரியர் அவ்விடையை மறுக்காமல், 'அப்படியானால் தூசு எப்படி உதிர்ந்தது?' என்று மட்டும் கேட்கவேண்டும். நாள் முழுதும் தலையிலிருந்த துணி காய்ந்திருக்கிறது; காய்ந்திருப்பதால் மழை இல்லை; மழை இல்லாதபோது தண்ணீருக்கென்று கழித்தது எவ்வாறு என்று, ஒரு தூசைப் பிடித்துக்கொண்டு வகுப்பு முழுவதும் பத்தியின் நடுவுக்குப் போய்ச் சேரும். அந்தத் தூசே ஏது. அவள் வானத்தைப் பார்த்தது அதற்குத் துணையான இரண்டாம் ஏது.

அடுத்த வினா: மாரியாயி கணக்கப்பிள்ளையை எதிர்த்தாளா, பணிந்தாளா? இங்கே வகுப்பு இரண்டாகப் பிரியும், பிரியவேண்டும். பணிந்தாள் என்பாருக்கு அவளுடைய மௌனமும், 'ஐயா' என்ற விளியும், போய்வருகிறேன் என்று விடைபெற்றதும் சான்று. எதிர்த்தாள் என்பாருக்குத் துணியை மடிப்பதற்கு அவள் தேர்ந்துகொண்ட இடமும், 'மெதுவாக' என்ற சொல்லும் சான்று. அச்சொல்லை எடுத்துவிட்டுப் பத்தியைப் படித்துப் பாருங்கள் என்று ஆசிரியர் சொன்னால், ஓர் அடை எவ்வளவு பாரத்தைச் சுமக்கிறது என்பதை மாணவர் தாமே காண்பர். சொல்நயம் என்பது இதுவே. வாயால் சொல்ல முடியாததை ஒருத்தி கையால் சொல்கிறாள் என்று ஒரு மாணவி எழுதி, அதன்கீழ் 'மேசை ஓரத்தில்', 'மெதுவாக', 'தூசு' என்னும் மூன்று சொற்களையும் சான்றாக எழுதிவிட்டால், அவள் குறிப்புப் புத்தகம் எதற்கும் கடமைப்பட்டவளல்லள்.

மூன்றாவது வினா மகளைப் பற்றியது. அச்சிறுமி பத்தியில் ஒரு சொல்லும் பேசவில்லை; இறுதி வாக்கியத்துக்குமுன் அவள் அங்கே நிற்பதே நமக்குத் தெரியாது. எழுதியவர் அவளைக் கடைசியில் ஏன் கொண்டுவந்தார்? தாய் அடக்கிப் பேசியதற்கு மகள் பக்கத்தில் நின்றது காரணமாகலாம். மகள் பார்க்கவேண்டும் என்றே துணியை மடித்ததாகவும் கொள்ளலாம். இரண்டுக்கும் பத்தி இடங்கொடுக்கிறது. மாரியாயிக்கு அன்று காய்ச்சல் என்பதற்கு இடங்கொடுக்கவில்லை. பல விடைகள் பொருந்தும் என்பதும், எல்லா விடைகளும் பொருந்தா என்பதும் ஒரே நேரத்தில் மாணவருக்கு விளங்கும் இடம் இதுவே. அகப்பாட்டைக் கற்கும்போது, கூறுவது தோழியா தலைவியா, கேட்பது தலைவனா சிறைப்புறத்தானா என்று துறை வகுத்துப் பொருள் கண்ட நம் உரையாசிரியர்கள் செய்ததும் இவ்வாராய்ச்சியே. 'யார், யாருக்கு, யார் கேட்க' என்னும் மூன்று வினாவும் மாரியாயிக்கும் பொருந்தும்.

6. முன்னறிவின் பயனும் அபாயமும்

தெரிந்த நிலத்திலிருந்து பத்தியை எடுக்கவேண்டும் என்பதற்கு ஆராய்ச்சி ஆதாரமும் உண்டு. அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்னும் இருவர் 1988இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 64 பாடசாலை மாணவருக்குப் பேஸ்போல் ஆட்டத்தை வருணிக்கும் ஒரு பகுதி கொடுக்கப்பட்டது. வாசிப்புத்திறன் குறைந்தவர் என்று கணிக்கப்பட்டிருந்தும் ஆட்டத்தை நன்கறிந்த மாணவர், வாசிப்பில் வல்லவராயிருந்தும் ஆட்டம் அறியாதவரைவிட அதனை நன்றாக நினைவுகூர்ந்து விளக்கினர். விளங்குந்திறன் என்பது எல்லாப் பத்திக்கும் பொதுவான ஒற்றைத் திறனன்று. அது பத்தியின் விஷயத்தோடு பின்னிக்கிடக்கிறது. கடற்கரைப் பட்டினத்தையும் விமான நிலையத்தையும் பற்றிய பத்திகளைக் கொண்டு மலையகப் பிள்ளையை அளந்துவிட்டு, அதற்கு வாசிப்பு வரவில்லை என்பது நியாயமாகாது. என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' என்னும் சிறுகதையின் தலைப்பைக் கேட்ட மாத்திரத்தில் அக்கூடையின் பாரம் தோட்டத்துப் பிள்ளையின் கழுத்தில் இறங்கும். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் வளர்ந்த பிள்ளைக்கு அதை அடிக்குறிப்பில் விளக்கவேண்டும். ஒருமுறையேனும் அடிக்குறிப்பு வேண்டாத வாசகராக இருக்கும் அநுபவம் மலையகப் பிள்ளைக்கு உரியது.

ஆயினும் உரை என்னும் அளவை இருபுறமும் கூரியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் தம் மாணவருக்குப் பாடல்களை ஆசிரியர் பெயரின்றிக் கொடுத்து அபிப்பிராயம் எழுதச் செய்து, அதன் முடிவுகளை 1929இல் நூலாக வெளியிட்டார். நன்கு கற்ற மாணவரும் பாடலைப் படிக்காமல், பாடலின் விஷயத்தைக் கண்டவுடன் தம் மனத்தில் ஆயத்தமாகக் கிடந்த உணர்ச்சியை எடுத்து அதன்மேல் வைத்துவிட்டார்கள் என்பது அவர் கண்ட குறைகளுள் ஒன்று. மாரியாயியின் பத்தியைப் படித்தவுடனே 'கணக்கப்பிள்ளை கொடியவர்' என்று எழுதும் மாணவர் செய்வதும் அதுவே. கழித்தது அவருடைய சொந்த இச்சையா, அவருக்கு மேலுள்ளோர் வகுத்த விதியா என்பதைப் பத்தி சொல்லவில்லை. கோபம் நியாயமாயிருக்கலாம், ஆனால் அது காண்டலும் அன்று, கருதலும் அன்று, வீட்டிலிருந்து கொண்டுவந்த உரை. அதை விலக்கவேண்டியதில்லை, அதன் பெயரைச் சொல்லி அதன் இடத்தில் வைக்கவேண்டும்.

உரை வாசிப்பை ஆழப்படுத்துவதற்கும் ஓர் உதாரணம் தருகிறேன். மலையகத்தின் தொடக்ககால அச்சு நூல்களுள் ஒன்றான ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' 1869இல் வெளிவந்தது. கோப்பிப் பயிர்ச்செய்கையைக் கும்மி வடிவிலே சொல்லும் அந்நூலின் பகுதியொன்றை உயர்வகுப்பினருக்குக் கொடுத்து, கும்மி பெண்கள் கைகொட்டிப் பாடும் வடிவமாயிற்றே, இங்கே பேசுங்குரல் வேலை செய்வோருடையதா, வேலை வாங்குவோருடையதா என்று கேட்டு, விடைக்குச் சொற்சான்று தேடச் செய்யலாம். அதன்பின், கோப்பியை அழித்த இலைநோய் இலங்கையில் முதன்முதல் காணப்பட்டதும் அதே 1869ஆம் ஆண்டு என்ற செய்தியைச் சொல்லவேண்டும். பாடலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் இரண்டாம் வாசிப்பு முதல் வாசிப்பாக இராது. சி.வி. வேலுப்பிள்ளை முதலியோர் திரட்டி வைத்த நாட்டார் பாடல்களில் ஒன்றை அதனருகே வைத்தால், ஒரே மலையிலிருந்து எழுந்த இரு குரல்களை ஒப்புநோக்கும் பயிற்சி தானே அமைந்துவிடும்.

7. தடைகளும் விடைகளும்

இம்முறைக்கு எழக்கூடிய தடைகளை ஆராய்வது கடன். தோட்டத்துப் பிள்ளைக்குத் தோட்டத்துப் பத்தியையே கொடுத்தால் அதைத் தோட்டத்துக்குள்ளேயே அடைத்துவைத்ததாகாதா என்பது முதலாவது. இத்தடை அன்பிலிருந்து பிறப்பது; ஆதலால் மதிக்கத்தக்கது. ஆனால் தொடங்குமிடம் வேறு, தங்குமிடம் வேறு. முறையைக் கற்பதற்குத் தெரிந்த விஷயம் வேண்டும்; முறை கைவந்தபின் விஷயம் எவ்வளவு தூரத்ததாயினும் அச்சமில்லை. மடகொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த வேலுப்பிள்ளை, தம் நிலத்தை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதி, 1947இல் நாட்டின் முதற் பாராளுமன்றத்துக்குத் தலவாக்கலையின் உறுப்பினராகவும் சென்றார். தன் நிலத்தைக் கூர்ந்து வாசித்தல் ஒருவரை அந்நிலத்திலே கட்டிப்போடுவதில்லை என்பதற்கு அவர் வாழ்வு போதிய சான்று.

எழுத்துக்கூட்டி வாசிக்கவே தடுமாறும் பிள்ளையிடம் அநுமானத்தைப் பற்றிப் பேசுவதால் பயனுண்டா என்பது இரண்டாவது. சரளமான வாசிப்பு இல்லாவிட்டால் பொருள் கைகூடாது என்பதை முற்றும் ஒப்புக்கொள்கிறேன்; நாடோறும் வாய்விட்டு வாசிக்கும் பயிற்சிக்கு எதுவும் ஈடாகாது. ஆனால் எழுத்து முற்றியபின்தான் சிந்தனை தொடங்கவேண்டும் என்பது பொருந்தாது. முதலாம் வகுப்புப் பிள்ளைக்குக் கதையை ஆசிரியரே வாசித்துவிட்டு, 'அவன் பொய் சொல்கிறான் என்று உனக்கு எப்படித் தெரிந்தது?' என்று கேட்கலாம். எழுத்தும் அநுமானமும் இரு கால்கள். ஒன்று முற்றும் வளர்ந்தபின் மற்றதை வளர்ப்பார் இல்லை.

பரீட்சையும் நேரமின்மையும் மூன்றாவது. ஓராசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளை ஒருங்கே பார்க்கும் சிறு பாடசாலைகளில் இத்தடை மிக உண்மையானது. அதற்கு விடை, பத்திகளைப் பெருக்காமல் குறைப்பதே. வாரத்துக்குப் பத்துப் பத்திகளை மேலோட்டமாகச் செய்வதினும், பத்து வரியுள்ள ஒரே பத்தியை ஐந்து நாளும் கையாளுதல் நன்று. மாரியாயியின் பத்தி கரும்பலகையின் பாதியில் அடங்கிவிடும்; அச்சுச் செலவும் இல்லை.

8. நடைமுறை

நன்னூல் காண்டிகை என்னும் சுருக்கவுரைக்குக் கருத்து, பதப்பொருள், காட்டு, வினா, விடை என்று ஐந்து உறுப்புக்களை வகுத்தது. ஐந்து நாளுக்கு ஐந்து உறுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். முதல் நாள் மௌனமாகவும் வாய்விட்டும் வாசித்து, பத்தியின் கருத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுதல். இரண்டாம் நாள் பதப்பொருள், அதிலும் தோட்டத்தில் ஒன்றும் நூலில் ஒன்றுமாகப் பொருள்படும் சொற்களைப் பிரித்துக் காட்டுதல். மூன்றாம் நாள் காட்டு, அதாவது தம் அநுபவத்திலிருந்தோ முன் படித்ததிலிருந்தோ ஒப்புமை சொல்லுதல். நான்காம் நாள் மாணவர் தாமே வினா இயற்றுதல். ஐந்தாம் நாள் ஒருவர் வினாவுக்கு மற்றவர் ஏதுவோடு விடை எழுதுதல். பலின்சார், பிரவுன் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் 1984இல் வெளியிட்ட முறையொன்றில், மாணவர் சிறு குழுக்களாக அமர்ந்து, மாறிமாறி ஆசிரியர் நிலையை ஏற்று, சுருக்கிச் சொல்லுதல், வினா எழுப்புதல், தெளியாததைத் தெளிவித்தல், அடுத்து வருவதை முன்னுணர்தல் என்னும் நான்கையும் பயின்று விளங்குந்திறனில் முன்னேறினர். காண்டிகையோடு இதற்குள்ள உறவு வெளிப்படை. வினாவுக்கு விடை எழுதுவதினும் வினாவை இயற்றுவதே உயர்ந்த பயிற்சி என்பதில் இருமரபும் ஒன்றுபடுகின்றன.

புள்ளியிடும் முறையையும் மாற்றவேண்டும். விடைக்குப் பாதி, ஏதுவுக்குப் பாதி. ஏதுவின்றி எழுதிய சரியான விடைக்குப் பாதிப்புள்ளியே. பத்தியிலுள்ள சொல்லை நேர்மையாகச் சான்று காட்டிப் பிழையான துணிவுக்கு வந்தவருக்கும் பாதிப்புள்ளி உண்டு. தூசைக் கவனியாமல் 'தண்ணிக்கு' என்ற சொல்லைக் காட்டி மழை என்று எழுதிய பிள்ளை வாசிக்கத் தொடங்கிவிட்டது. பக்கத்திலிருப்பவரைப் பார்த்து மழையில்லை என்று எழுதிய பிள்ளை இன்னும் தொடங்கவில்லை.

பத்திகளின் வரிசையும் முக்கியம். முதலாண்டில் தம் நிலம். அடுத்து, பிற மாவட்டங்களின் கடலும் வயலும் வரும் ஈழத்துக் கதைகள். அதன்பின், தமிழ்நாட்டிலிருந்து எழுதிய புதுமைப்பித்தன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் களமாகக் கொண்ட 'துன்பக்கேணி'யை இராமையாவின் கதையோடு வைத்து, வெளியிலிருந்து காணும் கண்ணும் உள்ளிருந்து காணும் கண்ணும் வேறுபடும் இடங்களைத் தேடுதல். முடிவில் குறிஞ்சித் திணைப் பாட்டு. பத்தனையிலுள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியில் பயிலும் ஆசிரிய மாணவர், பயிற்சிக் காலத்தில் ஆளுக்கு ஐந்து பத்திகளை ஏது வினாக்களோடு ஆயத்தம் செய்தாலே, சில ஆண்டுகளில் மலையகப் பாடசாலைகளுக்குப் போதிய பத்திக்கோவை சேர்ந்துவிடும்.

9. முடிவுரை

மாரியாயியின் பத்தியில் 'துண்டு' என்ற சொல் வருகிறது. மலையகத்தில் அச்சொல்லுக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. தொழிலாளியின் கடனைக் குறித்து, அக்கடனைத் தீர்ப்பவரிடம் அவரை விடுவிக்கலாம் என்று தோட்டத்துரை எழுதிக்கொடுத்த சீட்டுக்குத் துண்டு என்று பெயர். 1921இல் சட்டம் அதை ஒழிக்கும்வரை, ஆயிரக்கணக்கானோர் எத்தோட்டத்தில் வாழ்வது, எவருக்குக் கடன்பட்டிருப்பது என்பதை அக்காகிதம் தீர்மானித்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்பதை வாசிக்க வல்லார் அவர்களுள் மிகச் சிலர். எழுதியது இது, எழுதாமல் விட்டது இது, எழுதியவர் இன்னார், அவருக்கு இதனால் ஆகும் பயன் இது என்று பிரித்தறிய வல்லார் அவர்களினும் சிலர்.

அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று எழுத்தறிந்தவர்கள். வேலை ஒப்பந்தமும் கடன் பத்திரமும் காணி உறுதியும் அவர்கள் கைக்கு வருகின்றன. வரிகளை அவர்கள் வாசிப்பார்கள். வரிகளுக்கிடையில் நிற்பதை வாசிக்கக் கற்பிக்கும் கடமை மொழி ஆசிரியருடையது. உதிர்ந்த தூசைக் கண்டு மழையில்லை என்று துணிந்து, 'இதனால் சொல்கிறேன்' என்று எழுந்து நின்று சொல்லும் ஒரு பெண்பிள்ளையின் முன்னால், தண்ணீருக்கென்று இரண்டு கிலோவைக் கழித்துத் துண்டில் எழுதுவது முன்போல் சுலபமாயிராது.